தாண்டிக்குடி தோட்டத்துக்கு எந்தப் பிக்கப்? வி-கிராஸா, ஹைலக்ஸா?

காப்பிக்காரன் | ஜனவரி 6, 2026

தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குப் பதினெட்டு ஏக்கர். காப்பி, மிளகு, ஊடே ஆரஞ்சும் மலைவாழையும். அப்பா காலத்து ஜீப் இருபத்திரண்டு வருஷம் உழைத்துவிட்டு இந்த டிசம்பர் மழையில் படுத்துவிட்டது. சேஸிஸ் துருவேறி, வெல்டிங் வைக்கக்கூட நல்ல இடம் இல்லை என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பறிப்பு நேரத்தில் வண்டி இல்லாமல் பட்ட பாடு போதும்.

தேவை இதுதான். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. கடைசி முந்நூறு மீட்டர் ஒரே ஏற்றம், செம்மண். நவம்பர், டிசம்பரில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு, மாதம் இரண்டு தடவை திண்டுக்கல் அல்லது மதுரை. ஏற்றுவது காப்பி மூட்டை, உரம், மருந்தடிக்கும் பம்பு, டீசல் கேன். வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆளும் சுமையும் ஒரே வண்டியில் போகவேண்டும் என்பதால் டபுள் கேபின் பிக்கப் என்று தீர்மானித்துவிட்டேன். இசுசு வி-கிராஸ் அல்லது டொயோட்டா ஹைலக்ஸ். கையில் முப்பது லட்சம், இழுத்துப் பிடித்தால் முப்பத்திரண்டு. அதற்குள் எல்லாச் செலவும் அடங்கவேண்டும்.

வீடியோக்கள் பார்த்துத் தலை சுற்றுகிறது. எல்லோரும் ஆற்றைக் கடக்கிறார்கள், ஒருத்தரும் மூட்டை ஏற்றவில்லை. வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

மழைமேடு | ஜனவரி 6

வால்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக், மூன்றாவது வருஷம் ஓடுகிறது.

யோசிக்கவே வேண்டாம் தம்பி, ஹைலக்ஸ். 2.8 லிட்டர் எஞ்சின், 204 குதிரைத்திறன். மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் முறுக்கு, ஆட்டோமேட்டிக்கில் 500. வி-கிராஸில் 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன், முறுக்கு 360. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி ஏறி வருகிறவனுக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். எஞ்சின் ஃபார்ச்சூனரில் இருப்பதுதான், அதனால் உதிரிப்பாகத்துக்கு அலையவேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பின்னால் உள்ள டிஃப் லாக். ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் தொங்கி மற்றது மண்ணில் இருந்தால், சாதாரண வண்டியில் தொங்குகிற சக்கரம்தான் சுற்றும். பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து சுற்றும், வண்டி ஏறிவிடும். இந்தியாவில் விற்கும் வி-கிராஸில் அது கிடையாது. டிராக்ஷன் கன்ட்ரோல் வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து ஓரளவு சமாளிக்கும். ஓரளவுதான்.

வெட்டிஅரட்டை | ஜனவரி 6

எங்கள் தெருவிலும் ஒருத்தர் ஹைலக்ஸ் வைத்திருக்கிறார். இதுவரை ஏறிய பெரிய மேடு மால் பார்க்கிங்கின் சரிவு. தொட்டியில் ஏற்றிய அதிகபட்சச் சுமை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

கமான்பட்டை | ஜனவரி 7

திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக வண்டி வேலை பார்க்கிறேன். மூட்டையைப் பற்றிப் பேசுவோம்.

இந்த வண்டிகளைப் பார்த்தவுடன் ஒரு டன் ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை என்று ஒன்று, வெற்று எடை என்று ஒன்று இருக்கும். கழித்துப் பாருங்கள். அந்த மிச்சம் தொட்டிக்கு மட்டும் உரியதல்ல, உள்ளே உட்காருகிற ஆட்களின் எடையும் அதில்தான் அடக்கம். ஐந்து பேர், ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ என்றால் 325 கிலோ போய்விட்டது. அப்புறம் எத்தனை மூட்டை ஏற்ற இடம் இருக்கிறது? டபுள் கேபினில் தொட்டியும் ஐந்தடிக்கு ஐந்தடிதான். சக்கர மேடு வேறு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும்.

உண்மையாகவே சுமைதான் வேலை என்றால் பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. பாதி விலை. அழகு கிடையாது, சொகுசு கிடையாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான்.

பின்னால் இரண்டிலும் கமான் பட்டைதான், அதாவது இரும்புப் பட்டை ஸ்பிரிங். சுமை இருந்தால் அடங்கி உட்காரும். வெறும் வண்டியாக ஓட்டினால் பின்னால் இருப்பவர் மண்டை கூரையில் இடிக்கும். உங்கள் அம்மா வருஷத்தில் முந்நூறு நாள் வெறும் தொட்டியோடுதான் போகப்போகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மழைமேடு | ஜனவரி 7

அண்ணே, மண்டை இடிக்கும் என்பது அதிகம். காற்றழுத்தத்தைச் சரியாக வைத்தால் பழகிவிடும். ஆனால் பின்சீட்டில் முதுகுச் சாய்வு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மதுரை வரை போய் வந்தால் என் மாமியார் இரண்டு நாள் பேசமாட்டார். வேறு காரணமும் இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 8

யாரும் பணத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி மாற்றத்தில் சரக்கு வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. இரண்டு பிக்கப்பின் மேல்மாடல்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் இறங்கின. அதன்பின் ஹைலக்ஸ் 28 லட்சத்தில் தொடங்கியது, எல்லா மாடலிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. வி-கிராஸ் ஃபோர் வீல் மேனுவல் 25ஐ ஒட்டி வந்தது. அதன் மேல்மாடல் ஆட்டோமேட்டிக்கும் ஹைலக்ஸின் அடிமாடலும் ஒரே விலையில் முட்டிக்கொண்டன. இதெல்லாம் ஷோரூம் விலை.

சிக்கல் பதிவில்தான். கார் என்று கணக்கிட்டால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 28 லட்சத்துக்கு 5 லட்சத்து 60 ஆயிரம். அதன்மேல் காப்பீடு. உங்கள் முப்பத்திரண்டு அப்போதே உடைந்துவிட்டது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்த வகையில் பதிவாகும், வரி எவ்வளவு. சேல்ஸ்மேன் வாயால் சொன்னது ஆர்டிஓ வாசலில் செல்லாது.

சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பலகை போட்டுவிட்டு பக்கத்துத் தோட்டக்காரர் மூட்டையை வாடகைக்கு ஏற்றாதீர்கள். விபத்து ஆனால் காப்பீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் நோண்டுவார்கள்.

இன்னொரு கணக்கு. 32 லட்சத்தில் ஒரு புது பொலேரோ பிக்கப்பும் வீட்டுக்கு ஒரு நல்ல காரும் வாங்கலாமே?

காப்பிக்காரன் | ஜனவரி 8

கணக்குப்பிள்ளை சார், கார் அந்த முந்நூறு மீட்டர் ஏறாது. அம்மாவைக் கீழே தார் ரோட்டில் இறக்கி, நடக்கவைத்துக் கூட்டிப்போக முடியாது. போன வருஷம் ஒருநாள் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிப் போனோம். அன்றைக்கு எடுத்த முடிவுதான் ஃபோர் வீல் டிரைவ்.

செவ்வந்தி | ஜனவரி 9

கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி. வி-கிராஸ் மேனுவல், நாலரை வருஷம், தொண்ணூறாயிரம் கிலோமீட்டர். மிளகு, மரவள்ளி, பலா எல்லாம் ஏற்றியிருக்கிறேன். நான்தான் ஓட்டுகிறேன், டிரைவர் கிடையாது.

360 போதுமா என்று கேட்டால், போதும். இரண்டாவது கியரில் அலட்டாமல் ஏறும். 500 இருந்தால் இன்னும் சந்தோஷமாக ஏறும், அவ்வளவுதான். என் கையில் லிட்டருக்கு மலையில் பத்து, கீழே பன்னிரண்டு பதின்மூன்று. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் டீசலுக்கு எட்டாயிரம், எட்டாயிரத்து ஐந்நூறு போகும்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்களாவது செய்யாதீர்கள். வாங்கிய முதல் மழைக்காலம். மண் பாதையிலிருந்து ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும் இழுக்கும் வேகக் கியர்) வெளியே வந்தேன். தாருக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்ற மறந்துவிட்டேன். மேலே ஈரமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கீழே வரவர ரோடு காய்ந்துவிட்டது. காரவள்ளிக்கு நாலைந்து வளைவு முன்னால் ஸ்டியரிங் இறுகிவிட்டது. திருப்பினால் யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி, முன்சக்கரம் டுக் டுக்கென்று எகிறுகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆக்ஸில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

விஷயம் என்னவென்றால், இந்த வண்டிகளில் ஃபோர் ஹை போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகவேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு உள்ளேயே ஏறிக்கொள்ளும். ஓரங்கட்டி, நேராக நாலடி பின்னால் எடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. ஒன்றும் உடையவில்லை, என் நல்ல நேரம். ஹைலக்ஸுக்கும் இதே கதைதான்.

மூன்று கிலோமீட்டர் மண் ரோடு என்கிறீர்கள். தினமும் மேலேயும் கீழேயும் அந்த மூன்று கிலோமீட்டரிலேயே வண்டி உருண்டுகொண்டிருந்தால் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி எல்லாவற்றுக்கும் இது பொது. உள்ளே சேரும் கரியை எரிக்கச் சூடு வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடவேண்டும். நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் கரி எரியாமல் நிற்கும், எரிக்கவென்று தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். உங்கள் வாராந்திர வத்தலக்குண்டுப் பயணம் இதற்கு மருந்து, விடாதீர்கள். எரிந்துகொண்டிருக்கும்போது காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், அடியில் அவ்வளவு சூடு.

கமான்பட்டை | ஜனவரி 9

செவ்வந்தி அம்மா சொன்ன ஆயில் மட்டம் விஷயத்தை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் பயப்படுகிறார்கள், கூடினால் "பரவாயில்லையே, கம்பெனி நல்ல கம்பெனி" என்கிறார்கள்.

வன்னிக்காரன் | ஜனவரி 10

கிளிநொச்சியிலிருந்து. எங்கட பக்கம் டபுள் கப் எண்டால் கதை வேறை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருசமும் பழைய ஹைலக்ஸ் வைச்சிருந்தவர் ஊரிலை பெரிய மனுசர். நீங்கள் புது வண்டியில் நிறம் தெரிவு செய்யிறியள், நாங்கள் பதினைந்து வருசப் பழசில் துரு தேடுறம்.

ஒரு விசயம் மட்டும் சொல்லுறன். நெல் மூட்டை ஏத்தி ஓடுற ஆக்கள் எல்லாரும் கடைசியில் டயரைப் பற்றித்தான் கதைப்பினம். வண்டியோடை வாற ரோட் டயர் வயல் வரம்பில் ஒண்டுக்கும் உதவாது. இரண்டு வாகனத்துக்கும் இடையிலை இருக்கிற வித்தியாசத்தைவிட இரண்டு டயருக்கு இடையிலை இருக்கிற வித்தியாசம் பெரிசு.

காப்பிக்காரன் | ஜனவரி 10

நன்றி அண்ணா. டயரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அடுத்தமாடல் | ஜனவரி 11

இப்போது ஹைலக்ஸ் வாங்குவது வீண். புது ஹைலக்ஸை 2025 நவம்பரில் தாய்லாந்தில் காட்டிவிட்டார்கள். இந்தியாவில் விற்பது 2015இல் வந்த தலைமுறை. வி-கிராஸ் அதைவிட மோசம், வெளிநாடுகளில் 2019இலேயே அடுத்த டி-மேக்ஸ் (அங்கே வி-கிராஸுக்கு அதுதான் பெயர்) வந்துவிட்டது, நமக்கு இன்னும் பழசுதான். பொறுத்திருங்கள்.

மழைமேடு | ஜனவரி 11

நம் ஊருக்கு ஹைலக்ஸ் வந்த கதை மறந்துவிட்டதா? 2022 ஜனவரியில் காட்டினார்கள், பிப்ரவரியிலேயே முன்பதிவை மூடினார்கள், திரும்பத் திறந்தது 2023 ஜனவரியில். அவர் பறிப்பு நவம்பரில் தொடங்குகிறது. காப்பிச்செடி "அடுத்த மாடல் வரட்டும்" என்று பழுக்காமல் இருக்குமா?

கமான்பட்டை | ஜனவரி 11

பழைய தலைமுறை என்றால் மெக்கானிக்குக்குப் பழகிய தலைமுறை என்று அர்த்தம். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

தம்பி காப்பிக்காரன், ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினை விடுங்கள். இரண்டு வண்டியும் 5.3 மீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். உங்கள் பழைய ஜீப் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருந்திருக்கும். இது எங்கே திரும்பும்? எங்கே நிற்கும்? ஒரு கயிறு எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்து எழுதுங்கள். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவேண்டாம்.

காப்பிக்காரன் | ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். அளந்துவிட்டேன்.

தேங்காய்நார்க் கயிற்றில் 5.3 மீட்டருக்கு ஒரு முடிச்சு, 6.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. இரண்டாவது, திரும்பும் ஆரம். காப்பி காயவைக்கும் களத்தின் நடுவில் கடப்பாறையை ஊன்றி, தம்பி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டான். களத்துக்கு வெளியே போய் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது வட்டம். அம்மா திண்ணையிலிருந்து "யாருக்குடா கோலம்?" என்றார்.

ஷெட்டில் நாலரை மீட்டர்தான். முன்சுவரை இடித்துத் தள்ளிக் கட்டவேண்டும். அது சின்ன வேலை.

பெரிய வேலை பாதையில். மண் ரோட்டில் நாலு திருப்பம். மூன்றில் வண்டி ஒரே மூச்சில் திரும்பிவிடும். நாலாவது, செங்குத்து தொடங்குகிற இடம். அங்கே ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் ஓடை. எத்தனை விதமாகக் கயிற்றைப் போட்டுப் பார்த்தாலும் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப முடியும். அதாவது, மூட்டையோடு, வழுக்கும் செம்மண்ணில், ஓடையைப் பார்த்துப் பின்னால் எடுக்கவேண்டும்.

செவ்வந்தி | ஜனவரி 14

அந்த இடத்தில் ஃபோர் லோ போட்டுவிட்டுப் பின்னால் எடுங்கள். நின்று, நியூட்ரலுக்கு வந்துதான் லோ விழும், அவசரப்படாதீர்கள். வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறைந்து, முறுக்கு அதே அளவு கூடும். கிளட்சை அரைவாசி மிதித்துத் தொங்கவேண்டிய அவசியமே இருக்காது. மலையில் கிளட்ச் பிளேட் கருகுவது ஏறும்போது இல்லை, பின்னால் எடுத்துத் திருப்பும்போதுதான்.

இரண்டாவது, முந்நூறு மீட்டரும் மோசமா, அல்லது அதில் கொஞ்சம் மட்டுமா? எங்கள் தோட்டத்தில் சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் காங்கிரீட் போட்டோம். நடுவில் புல் அப்படியே. முழு ரோட்டுக்குப் போடுவதில் பாதிச் செலவுகூட ஆகாது. ஹைலக்ஸுக்கும் வி-கிராஸுக்கும் நடுவில் உள்ள காசில் ரோட்டையே மாற்றிவிடலாம்.

மழைமேடு | ஜனவரி 14

இது கள்ளாட்டம். வண்டி பற்றிக் கேட்டால் ரோடு போடச் சொல்கிறீர்கள். (ஆனால் நல்ல யோசனைதான். நானும் டிஃப் லாக்கை வருஷத்தில் ஆறேழு தடவைக்கு மேல் அழுத்தியதில்லை.)

காப்பிக்காரன் | ஜனவரி 20

உண்மையில் மோசமானது எண்பது மீட்டர்தான். மீதி, தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் வெட்டினாலே சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. இரண்டு தடம், தடத்துக்கு இரண்டடி அகலம், அரையடி கனம். ஜல்லி, சிமென்ட் மேலே கொண்டுவரும் கூலியோடு ஒன்றேகால் லட்சம் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். வெறும் வண்டியாக ஓட்டமாட்டேன் என்று சொல்லி, வீட்டிலிருந்து நாலு மூட்டை கொண்டுபோனேன். ஒரு ஷோரூமில் சிரித்துக்கொண்டே ஏற்றினார்கள். இன்னொன்றில் கீறல் விழும் என்றார்கள். மூட்டை ஏற்றினால் கீறல் விழுமாம், பிக்கப் வண்டியில்! பழைய சணல் சாக்கு விரித்து ஏற்றிக் காட்டினேன்.

ஹைலக்ஸ் எஞ்சின் வேற லெவல், அதில் மறுபேச்சு இல்லை. மூட்டை ஏறியதே தெரியவில்லை. வி-கிராஸில் தெரிந்தது, ஆனால் திணறவில்லை. அம்மா இரண்டிலும் ஏறிப்பார்த்தார். இரண்டிலும் முதல் அடி உயரம். பக்கவாட்டுப் படி குறுகல், செருப்பு பாதிதான் பதிகிறது. கதவுத் தூணில் கைப்பிடி இருப்பதால் தொங்கிக்கொண்டு ஏறிவிட்டார். "ஜீப்பைவிட மேல்" என்பதோடு தீர்ப்பு முடிந்தது.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 20

அப்படியானால் வி-கிராஸ் மேனுவல், எண்பது மீட்டர் காங்கிரீட், நாலு நல்ல டயர். கார் வரி விழாவிட்டால் 32க்குள் அடங்கும். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் நின்ற வண்டிகளை நினைத்துப் பாருங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனபிறகு ஸ்டார்ட் செய்ததால் ஆன சேதத்துக்குச் சாதாரணப் பாலிசியில் கை விரிப்பார்கள்.

மழைமேடு | ஜனவரி 20

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ஓடையில் இறங்குவதற்கு முன் ஒருத்தர் நடந்து போய்ப் பார்க்கவேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்தால் வண்டியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். நடுவில் நின்றுவிட்டால் திரும்பச் சாவி போடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வெட்டிஅரட்டை | ஜனவரி 21

முன்னால் ஒரு பெரிய கம்பி பம்பர், மேலே எட்டு விளக்கு, பின்னால் ஜெர்ரி கேன் இல்லாமல் பிக்கப்பா?

கமான்பட்டை | ஜனவரி 21

அந்தக் கம்பி பம்பரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை போட்டுத் தடை செய்தாகிவிட்டது. மோதும்போது காற்றுப்பை சென்சாருக்கு அடி சரியாகப் போய்ச் சேராது. சேஸிஸ், உயரம், பாடி என்று கம்பெனி கொடுத்ததை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. போலீஸ் பிடிப்பது ஒருபக்கம், காப்பீடு மறுப்பது மறுபக்கம். டயர், கயிறு, ஷாக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்), ஒரு நல்ல காற்றடிக்கும் பம்பு. தோட்டத்துக்கு இதற்குமேல் வேண்டாம்.

இழுக்கும் கயிற்றை பின்னால் உள்ள டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) மாட்டாதீர்கள். அறுந்து பறந்தால் அது குண்டு. கம்பெனி கொடுத்த கொக்கியில் மட்டும்.

காப்பிக்காரன் | மார்ச் 9

வண்டி வந்துவிட்டது. வி-கிராஸ் மேனுவல், வெள்ளை. சேறு தெரியும், ஆனால் வெயிலில் சுடாது. பதிவு வகையையும் வரியையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் முன்பணம் கட்டினேன். கணக்குப்பிள்ளை சாருக்கு நன்றி.

காங்கிரீட் தடம் போட்டாகிவிட்டது. மேஸ்திரி மேலே மட்டப்பலகை வைத்து வழவழப்பாக இழைக்கப் போனார். நிறுத்தி, தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறச் சொன்னேன். முறைத்துக்கொண்டே செய்தார்.

செவ்வந்தி | மார்ச் 9

வாழ்த்துகள் தம்பி. தொட்டிக்கு மூடி போடுவதானால் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நான் ஒரு கடையில் மடக்கு மூடி போட்டேன். முதல் மழையில் மூலையில் ஒழுகி, காய்ந்த மிளகு ஒன்றரை மூட்டை பூசணம் பிடித்துவிட்டது. கேட்டால் "மழையில் ஓட்டினீர்களா?" என்கிறார் கடைக்காரர்.

காப்பிக்காரன் | மே 24

இரண்டரை மாதம், நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். போன வாரம் கோடை மழை நன்றாகவே அடித்தது. எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்லலாம்.

உரம் ஆறு மூட்டை, நானும் தம்பியும். டயர் காற்றைத் தார் முனையிலேயே 22 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு இறக்கினோம். நாலாவது திருப்பத்தில் நிறுத்தி, நியூட்ரல், ஃபோர் லோ. பலகையில் விளக்கு மினுங்கி நிலைக்கும்வரை காத்திருந்தேன். பின்னால் எடுக்கும்போது தம்பி இறங்கி ஓடை ஓரத்தில் நின்று கையைக் காட்டினான். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன், வண்டி தானே ஊர்ந்து போய் நின்றது. திருப்பி காங்கிரீட் தடத்தில் ஏறியதும் பழைய ஜீப் நினைவு வந்தது. அதே இடத்தில் நாலு பேர் தள்ளுவோம்.

மாட்டிக்கொண்டது காங்கிரீட்டில் இல்லை, அது முடிந்து பத்தடியில். தடத்தில் வடிந்த தண்ணீரெல்லாம் அங்கே வந்து மண்ணை அரித்து ஒரு குழி. இடது பின்சக்கரம் இறங்கி, வலது முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. டிராக்ஷன் கன்ட்ரோல் கரகரவென்று உறுமியது, வண்டி அசையவில்லை. மழைமேடு அண்ணா, அந்த நிமிஷம் உங்கள் டிஃப் லாக் பொத்தானை நினைத்துக்கொண்டேன். பிறகு வெட்டிப்போட்ட சில்வர் ஓக் கிளை இரண்டைச் சக்கரத்தடியில் கொடுத்து, மெதுவாக ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்ததும் பிடி கிடைத்து ஏறிவிட்டது. மறுநாள் மேஸ்திரி வந்து குழியில் கல் அடுக்கிவிட்டுப் போனார்.

வெறும் வண்டி பின்னால் துள்ளுவது உண்மைதான். தொட்டியில் எப்போதும் இரண்டு மணல் மூட்டை கிடக்கிறது, அம்மாவுக்காக. ஏறுவதற்குப் பழைய காப்பிச்செடியின் தூரை அறுத்து ஒரு முக்காலி செய்திருக்கிறோம். அது பின்சீட்டின் அடியிலேயே பயணம் செய்கிறது. மேல்தோட்டத்து ஆரஞ்சு மட்டும் முன்பு போலவே குதிரைக்காரர் தயவில்தான் இறங்குகிறது. அங்கே ஹைலக்ஸும் ஏறாது.

மழைமேடு | மே 24

பார்த்தீர்களா, கடைசியில் டிஃப் லாக்.

கமான்பட்டை | மே 24

கடைசியில் இரண்டு மரக்கிளை. தம்பி, ஆயில் மட்டம் பார்த்தீர்களா?

காப்பிக்காரன் | மே 25

பார்த்தேன் அண்ணே. கோட்டுக்குள்தான் இருக்கிறது. நவம்பருக்குள் தொட்டிக்குத் தார்பாய் போடவேண்டும், மடக்கு மூடி வேண்டாம் என்று முடிவு. திண்டுக்கல்லில் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறவர் யாராவது இருக்கிறாரா?

கமான்பட்டை | மே 25

எங்கள் பட்டறைக்கு எதிரிலேயே லாரித் தார்பாய் தைக்கிறவர் இருக்கிறார். வண்டியோடு வாருங்கள். ஓரத்தில் பித்தளைக் கண்ணி ஒரு சாணுக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள், அவர் இரண்டு சாணுக்கு ஒன்றுதான் அடிப்பார்.